முத்திரைக்கு எடை கிடையாது

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு களைத்துப்போய் எங்கள் எடையளவுத் துறையைக் கண்டுபிடித்தது. அத்துறையின் எடைக்கல் பெட்டியைச் சுமக்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது.

அன்று சந்தையில் வெங்காயக்காரியின் தராசை ஆய்வாளர் 'விஞ்ஞானபூர்வமாக'ச் சோதித்தார். அதாவது, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். முள் நட்டநடுவில் நின்றது. படிக்கல்லிலும் குறை இல்லை.

"முத்திரை எங்கேம்மா?"

"நீங்க வந்தாத்தானே சார் குத்துறதுக்கு?"

"முத்திரை இல்லாம நிறுத்தா குத்தம்."

சரக்குத் தட்டின் அடியில் ஈயக் கட்டியை நான் பிடித்துக்கொள்ள, அரசுச் சின்னத்தை அவர் ஓங்கி அடித்தார். வெறும் தட்டு, ஒரு வெங்காயம்கூட இல்லாமல், பணிவோடு கீழே இறங்கியது.

"சார், சாயுதே!"

"எது?"

"தராசுதான். அந்த ஈயம் கனக்குது."

"அரசு முத்திரைக்கு எடை கிடையாது. சுற்றறிக்கையே இருக்கு."

"அப்ப எதிர்த் தட்டுலயும் ஒண்ணு வையுங்க. சரியாப் போயிடும்."

"ஒரு தராசுக்கு ஒரு முத்திரைதான். ரெண்டாவது வச்சா அது போலி."

பக்கத்துக் கடைத் தக்காளிக்காரர் எட்டிப் பார்த்தார். "வலிய வர்றதை ஏம்மா எட்டி உதைக்கிற? இதை அடிச்ச பிறகுதான் எனக்கு வியாபாரமே தேறுச்சு. கிலோவுக்கு ஒரு பழம் மிச்சம்."

"வாங்குறவங்க வயித்துல அடிச்சா மிச்சம் பிடிக்கிறீங்க, அண்ணே?"

"நானா அடிக்கிறேன்? சர்க்கார் அடிக்குது. நமக்கேது பாவம்!"

அவள் கத்தியை எடுத்து ஈயத்தை நெம்பிப் போட்டாள். முள் மறுபடி நடுவுக்கு வந்தது. தன் கண்ணெதிரே ஒரு தராசு நேராக நிற்பதை ஆய்வாளரால் பொறுக்க முடியவில்லை.

"முத்திரையை அவமதிச்சிட்டா. தூக்குடா தராசை!" என்றார் என்னிடம்.

"சார், எங்க வீட்டு அடுப்பு எரியுறதே அதாலதான் சார். நாளைக்கு எதை வச்சு நிறுப்பேன்?"

"முதல்லயே யோசிச்சிருக்கணும்."

தூக்கினேன். வெங்காயக் குவியலுக்குப் பின்னால் அவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் வாங்க நின்றவர்கள், முத்திரை உள்ள தராசுகளைத் தேடி நம்பிக்கையோடு நகர்ந்தார்கள்.

துறையின் சாதனையை ஊருக்குச் சொல்வது என் கடமை. இனி எங்கள் சந்தையில் எந்தத் தனிமனிதனும் மக்களைச் சட்டவிரோதமாக ஏமாற்ற முடியாது. அந்தப் பொறுப்பை முழுவதுமாக அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது.