மாமிட அம்மியும் என்ட மயிலும்

எனக்கு ஒரு வேலை தெரியாட்டி, தெரியாது எண்டு வாய் சொல்லாது. கைதான் முந்திக்கொண்டு போகும். அது செஞ்ச குத்தத்துக்கு இண்டைக்கும் அந்தக் கைதான் தண்டனை அனுபவிக்குது.

கிரானுக்கு அங்கால ரோட்டுக்குக் கல்லு உடைக்கிற வேலையில ஆறு மாசம் நிண்டன். ஆறு மாசத்தில நான் பெரிய சிற்பி எண்டு எனக்குள்ள ஒரு நினைப்பு. (அங்க மேல்பாத்த மனிசன் சொன்னது "விரலைக் கவனிடா" எண்டு மட்டும்தான்.) அந்த நேரம்தான் பெரியகல்லாத்தில கனகத்தை எனக்குப் பேசினாங்க. எங்கட பக்கத்து வழக்கப்படி வீடு பொம்புளைக்கு. மாப்பிள்ளை அங்க போய் இருக்கிறவன். அப்ப அந்த வீட்டு அம்மியும் என்ட அம்மிதானே?

கலியாணத்துக்கு நாள் வைக்கிற சோத்துக்கு எங்கட ஆக்கள் வாறதுக்கு முதல் நாள், ரெண்டு முட்டி எருமைத் தயிரோட நான் முந்திப் போனன். கனகத்திட தாய், என்ட மாமி, பக்கத்து வீட்டில பலகாரம் சுட்டுக்கொண்டு நிண்டா. குசினியடியில கிடந்த அம்மியைப் பாத்தன். நடுவில தொட்டில் மாதிரிப் பள்ளம். வழுவழுவெண்டு, குளிச்சிட்டு வந்த எருமைட முதுகு மாதிரி மினுங்குது.

"இதென்ன, தேஞ்சு செத்த அம்மி! எங்கட ஆக்கள் கண்டாச் சிரிப்பாங்க" எண்டன்.

ஓலைத் தட்டிக்கு அங்கால நிண்ட கனகம், "அதத் தொடாதீங்க, அம்மா ஏசுவா" எண்டா.

"ஏசுறதா? என்னைக் கும்பிடுவா, புள்ள. நீ வாயத் திறக்காம இரு."

கையோட கொண்டுபோன உளியை எடுத்து விளிம்பைக் கொத்திக் கொத்தி இறக்கினன். பொழுது சாயக்குள்ள அம்மி பலகை மாதிரி மட்டம். மேலெல்லாம் பலாப்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பு. அதோட விட்டனா? தலைமாட்டில ஒரு மயிலும் செதுக்கி, கண்ணை நல்ல ஆழமாக் குத்தி வெச்சன். (அது கோழி எண்டு மறுகா ஊரே தீர்ப்புச் சொல்லிட்டு.) ரெண்டு வாளி தண்ணி ஊத்தி, சாக்கால மூடிட்டு, நல்ல பிள்ளையா வீட்டுக்குக் கிறுகிட்டன்.

புதுசாக் கொத்தின அம்மியில முதல்ல தவிட்டைப் போட்டு ரெண்டு மூணு தரம் அரைச்சுக் கொட்டணும், கல்லுத்தூள் போக. இது எந்தக் குமர்ப் புள்ளைக்கும் தெரியும். கல்லுடைக்கிறவனுக்குத் தெரியா.

அடுத்த நாள் சமைக்க வந்த அயல் பொண்டுகள், மாமிதான் அம்மி கொத்துவிச்சிருக்கா எண்டு நினைச்சுச் சம்பலை அதில அரைச்சு, சாக்கைத் திரும்ப மூடிட்டாங்க. மாமி வாசல்ல ஆக்களை வரவேற்கிற அவசரத்தில இருந்தா. எல்லாரும் பாயில குந்திச் சோத்தில கை வெச்சம். எனக்கு முன்னால கனகத்திட அம்மான். மாமிட தமையன். அவர் தலையாட்டினாத்தான் கலியாணம்.

"நறுக்."

என்ட அப்பா முகத்தைச் சுளிச்சார். "கூப்பன் அரிசிதானே. கல்லுக் கிடக்கும்."

உலகச் சண்டைக் காலம், கல்லுச் சோறு எல்லாருக்கும் பழக்கம். நான்தான் பெரிசாக் குரல் விட்டன்: "கவுண்மேந்து நம்மளக் கல்லுத் தின்ன வெச்சிட்டு!"

அந்த நேரம் அம்மான்ட வாய்க்குள்ள "கடக்" எண்டு ஒரு சத்தம். பாக்கு வெட்டினது மாதிரி. மனிசன் உள்ளங்கையில துப்பினார். சம்பல், கறுப்புத் தூள், நடுவில ஒரு பல்லு.

"சோத்துக் கல்லு வெள்ளையடா," எண்டார், காத்துப் போற வாயால. "இது கருங்கல்லு. சம்பல்ல கிடக்கு."

எல்லாரும் குசினிக்கு ஓடினம். மாமி சாக்கைத் தூக்கினா. ஏசுவா எண்டு பாத்தன். ஏசல்ல. அம்மிக்கு மேல கையை வெச்சு இஞ்சயும் அங்கயும் தடவினா, இருட்டில எதையோ தேடுற ஆள் மாதிரி.

"பள்ளம் எங்க?" எண்டா.

எல்லார்ட கண்ணும் கல்லுடைக்கிற என்ட பக்கம் திரும்பிட்டு.

"என்ட தாய் அரைச்சு, நான் அரைச்சு விழுந்த பள்ளம். ஒரு சொட்டுச் சாறு வெளியில போகாது. எங்க அது?"

அம்மான் துண்டை உதறித் தோள்ல போட்டார். "இவன் இந்த வீட்டுக்கு வேணாம். கல்லையே விட்டுவைக்காதவன் புள்ளைய விட்டுவைப்பானா?"

அப்பா செருப்பைத் தேடினார். அப்ப தட்டிக்கு அங்கால இருந்து கனகம்: "அம்மா, அவரைப் போக விட்டா மறுகா ஆர் அரைக்கிற?"

மாமி அம்மியில இருந்து கையை எடுத்தா. "கலியாணம் நடக்கட்டும் அண்ணன். ஆனா தம்பி, அந்தப் பள்ளம் திரும்ப விழுகிற வரைக்கும் இந்த வீட்டு அரைப்பு முழுக்க உங்கட கையாலதான்."

"ஓம் மாமி!" எண்டன், அவ மனசு மாறுறதுக்கு முதல். ரெண்டு மாசத்து வேலை எண்டு எனக்கு நினைப்பு.

இப்ப எங்களுக்கு ரெண்டு பிள்ளைகள். உலகச் சண்டையே முடிஞ்சிட்டு, என்ட அரைப்பு முடியல்ல. வாவியில தோணி தள்ளிக்கொண்டு போறவனெல்லாம் "மச்சான், பள்ளம் விழுந்திட்டா?" எண்டு கத்திட்டுத்தான் போறான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமி அம்மியில ஒரு சிரட்டைத் தண்ணி ஊத்திப் பாப்பா. வழிஞ்சு ஓடும். "ஓடுது மருமகன், அரைங்க" எண்டுட்டுப் போயிருவா.

போன வெள்ளிக்கிழமை ஒரு சொட்டு ஓடாம நிண்டிட்டு! நான் துள்ளிக் குதிச்சு மாமி, கனகம், பொக்கை வாய் அம்மான் எல்லாரையும் கூப்பிட்டன். கனகம் குனிஞ்சு பாத்தா. பாத்திட்டு, குழவியைத் தூக்கித் திரும்ப என்ட கையிலயே தந்தா.

தண்ணி நிண்டது என்ட மயில்ட கண்ணுக்குள்ள.