பிளாங்க் சார் வைத்த புளித்தண்ணீர்

எதைக் காட்டி ‘இது நல்லது’ என்று சொன்னாலும், ‘இது இல்லாம இருந்தா இன்னா ஆவுதுன்னு பார்த்தீங்களா?’ என்று திருப்பிக் கேட்கும் மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் எனக்குக் கீழே வேலை பார்த்தார் என்பது என் ஜாதகம்.

ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்கு நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் குடோன் மாதிரி இருக்கும் எங்கள் லேப். மூலிகைப் பொடி, கேப்சூல், தைலம் எல்லாம் சோதனைக்கு வரும். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் மேடம் நான். அவர் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி செக்யூரிட்டி முதல் எம்.டி. வரை எல்லோருக்கும் அவர் பிளாங்க் சார்.

லேபில் பிளாங்க் என்றால், எல்லாத் திரவத்தையும் ஊற்றிவிட்டு, சோதிக்க வேண்டிய பொருளை மட்டும் ஊற்றாமல் பக்கத்தில் வைக்கும் குழாய். நாம் பார்த்த மாற்றம் அந்தப் பொருளால் வந்ததா, சும்மாவே வந்ததா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் எல்லோரும் வேலை முடிந்ததும் அந்தக் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அவர் அதை மனதில் போட்டு வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

தலைவலி வந்தால் இடது நெற்றியில் தைலமும் வலது நெற்றியில் பல் தேய்க்கும் பேஸ்ட்டும் தடவிக்கொண்டு வருவார்.

“எந்தப் பக்கம் மொதல்ல வுடுதுன்னு பார்க்கிறேன் மேடம்.”

“எந்தப் பக்கம் விட்டுது?”

“ரெண்டும் வுடல. மத்தியானம் கேளுங்க.”

வாலாஜாபாத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாந்தி வராது என்று யாரோ சொன்னார்கள். ஒரு வாரம் ஜன்னல், ஒரு வாரம் நடு சீட் என்று உட்கார்ந்து பார்த்தார். இரண்டாவது வாரம் புதன்கிழமை, பக்கத்து சீட்காரர் சட்டை மேல் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்.

ஆயுத பூஜைக்கு லேபில் தராசு, மைக்ராஸ்கோப், ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் மவுஸ் வரை சந்தனமும் குங்குமமும் வைத்தோம். அவர் மட்டும் திரவத்தை அளந்து உறிஞ்சும் ஒரே ஒரு கண்ணாடி பிப்பெட்டைப் பொட்டு வைக்காமல் தனியாக எடுத்து வைத்தார். பொட்டு இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம். கேன்டீனில் சமைக்கும் கன்னியம்மா அக்காவுக்கு வந்ததே கோபம்.

“சாமி விசயத்துல வெள்ளாடாத சார். கை வெளங்காம பூடும்.”

அந்த வருடம் பொட்டு வைத்த பிப்பெட்டில் மூன்று உடைந்தன. பொட்டு வைக்காதது மட்டும் புத்தம் புதிதாக நின்றது. அக்கா ஒரு வாரம் அவருக்கு ரசத்தைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றினார். ‘ஒரு பிப்பெட்ட வெச்சிக்கினு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா, அடுத்த வருசமும் பார்க்கணும்’ என்று இவர் சமாதானம் சொல்லப் போய், இரண்டாவது வாரமும் மேல் தண்ணீர்தான்.

கன்னியம்மா அக்கா மண்ணூர்க்காரர். பல வருடமாகச் சர்க்கரை நோய், காலையிலும் ராத்திரியிலும் மாத்திரை. இருந்தும் ஐம்பது பேருக்கு ஒரே ஆளாகச் சமைத்துப் போடுவார். எனக்குத் தனியாக ஒரு அப்பளம் வைப்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அக்காவைத்தான் நான் சாகடிக்கப் பார்த்தேன்.

ஒருநாள் சுமாக் வந்தது. அரபு சாப்பாட்டுக் கடைகளில் கறி மேலும் வெங்காயத்தின் மேலும் தூவுவார்களே, சிவப்பாக, புளிப்பாக ஒரு பொடி, அதுதான். ஒரு செடியின் பழத்தைக் காயவைத்து இடிப்பது. இது சர்க்கரையைக் குறைக்குமா, கொழுப்பைக் குறைக்குமா என்று பல நாடுகளில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். சிலர் நம்பிக்கையாகப் பேசுகிறார்கள், சிலர் இன்னும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எங்களிடம் வந்த பொடிக்காரருக்கு அந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. கேப்சூல் டப்பாவில் அச்சடிக்க ஒரு நல்ல ரிப்போர்ட் வேண்டும், அவ்வளவுதான்.

பிளாங்க் சார் தங்கை கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். சோதனையை நானே செய்தேன். மாவுச்சத்தில் அயோடின் விட்டால் நீலமாகும். நம் குடலில் இருக்கும் என்சைம் மாவுச்சத்தைத் தின்று சர்க்கரையாக்கினால் அந்த நீலம் வராது. தண்ணீர் ஊற்றிய பிளாங்க் குழாயில் நீலம் இல்லை. சுமாக் சாறு ஊற்றிய குழாயில் பேனா மை மாதிரி நீலம். என்சைம் அசையவே இல்லை, மாவு சர்க்கரையாகவே இல்லை என்று அர்த்தம். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் நீலம்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மத்தியானம் சாப்பிடப் போனபோது, பொடிக்காரர் கொடுத்திருந்த இரண்டு பாக்கெட்டைக் கன்னியம்மா அக்கா கையில் வைத்தேன்.

“அக்கா, உங்க சர்க்கரைக்கு மருந்து வந்தாச்சு. காலையில ஒரு ஸ்பூன் தண்ணில கலந்து குடிங்க.”

“நல்லா கேக்குமா மேடம்?”

“நானே டெஸ்ட் பண்ணேன்க்கா.”

மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாத வாயை இன்றும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. ரிப்போர்ட் டைப் ஆகி என் மேஜைமேல் இருந்தது. பொடிக்காரர் ஒரு கிலோ மைசூர்பாகுடன் ரிசப்ஷனில் காத்திருந்தார். சர்க்கரைக்கு மருந்து விற்கிறவர் மைசூர்பாகு கொண்டுவந்திருக்கிறாரே என்று கூட எனக்குத் தோன்றவில்லை. பேனாவைத் திறந்தபோது, லீவு முடிந்து வந்திருந்த பிளாங்க் சார் தோள் பக்கம் நின்றார்.

“மேடம், இதுக்கு பிளாங்க் எங்க?”

“வெச்சிருக்கேனே. தண்ணி ஊத்தி.”

“தண்ணி புளிக்காதே மேடம்.”

“அதனால?”

“இந்தச் சாறு புளிக்குது. என்சைம நிறுத்தணும்னா நாமளே ஆசிட்தானே ஊத்தறோம்? இங்க நிறுத்துனது சுமாக்கா, புளிப்பா?”

எனக்குக் காது சுட்டது. புளிப்பைச் சமாளிக்கத்தான் பஃபர் என்ற கரைசலை ஊற்றியிருக்கிறேன் என்றேன். அவர் ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த கலவையில் புளிப்புப் பார்க்கும் காகிதத்தை நனைத்துக் காட்டினார். செக்கச்செவேல் என்று சிவந்தது.

“பஃபர் எப்பவோ கைய தூக்கிடுச்சு. ஒரு மணி நேரம் குடுங்க.”

“அவர் வெளிய உட்கார்ந்திருக்காரு சார். எம்.டி. ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு.”

“உட்காரட்டும். ஏசி கீது, சோபா கீது.”

சுமாக் அளவுக்கே புளிக்கிற ஆசிட் ஒரு குழாயில். அது போதாதாம். பொடி சாப்பிடுகிற பொருள் என்பதால் சாப்பிடுகிற புளியும் ஒரு குழாயில் வேண்டுமாம். கேன்டீனுக்குப் போய் டம்ளரில் புளி கரைத்து வாங்கி வந்தார். குழாய்களைச் சூடான தண்ணீரில் வைத்து, டைமரைத் திருகிவிட்டு, சும்மா பேச்சுக்கு ஒரு வார்த்தை சொன்னார்.

“கேன்டீன்ல யாரோ வேற ஆளு கீறாரு மேடம். கன்னியம்மா அக்கா மூணு நாளா வரலியாம். ஒரே மயக்கமாம்.”

பேனாவை மூடி வைத்தேன். அந்த மூன்று நாளும் நான் மேஜையிலேயே சாப்பிட்டிருந்தேன். நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“மாத்திரை போட்டுக்கினு கீறாங்களா?”

“கேக்கல சார்.”

அக்காவுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. டைமர் அலறியபோது நான் ஏழாவது தடவையாக அடித்துக்கொண்டிருந்தேன். அவர் குழாய்களில் அயோடினை விட்டார். தண்ணீர்க் குழாயில் நீலம் இல்லை. சுமாக் நீலம், ஆசிட் நீலம். கேன்டீன் புளித்தண்ணீரும் அதே நீலம். அக்கா வருடக்கணக்காகத் தன் கையால் கரைத்து ஊற்றிய அதே புளியைத்தான் நான் மருந்து என்று சொல்லி அவருக்கே கொடுத்திருக்கிறேன்.

“செக்யூரிட்டி பைக்க எடுக்கறேன், வாங்க” என்றார்.

அது ஷிப்ட் விடும் நேரம். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. புதுக் கார்களை முதுகில் ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டே இருந்தது, திரும்பி முடிக்கவே இல்லை. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவர் ‘ரோடு வழியா ஒருத்தர், சந்து வழியா ஒருத்தர் போய்ப் பார்க்கணும்’ என்று ஆரம்பிப்பார். அன்று கேள்வியே கேட்காமல் வண்டியை ஒடித்தார். மண்பாதையில் இறக்கி, நெல் காயப் போட்டிருந்த ஓரமாக ஓட்டினார். பின்னால் உட்கார்ந்து நான் வேண்டாத சாமி இல்லை.

மண்ணூரில் வீட்டு வாசலில் அக்காவின் புருஷன் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் வேலை, யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே அக்கா சுவரோரமாகப் படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்த கண்ணில் என்னைத் தெரிந்துகொண்ட அடையாளமே இல்லை.

“தண்ணி தண்ணின்னு கேக்குது, குடிச்சா வாந்தி எடுக்குது” என்றார் அவர். “சூடு ஒடம்பு மேடம். இளநி குடுத்தா சரியாப் பூடும்.”

“மாத்திரை?”

“அதான் உங்க பொடி வந்துட்ச்சே. மாத்திரைய நிறுத்தி பத்து நாளாவுது.”

 பிளாங்க் சார்தான் கேட்டார், சர்க்கரை பார்க்கும் மெஷின் இருக்கிறதா என்று.

“கீது சார், ஆனா பூட்ச்சி. காலைலருந்து நம்பரே வரல, இன்னாவோ எழுத்து காட்டுது. மெஷினே சரியில்லாதப்ப ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய் இன்னா சொல்றது? நாளைக்குக் கடைல குடுத்து பார்க்கணும்.”

மெஷினோடு டப்பாவில் இரண்டே இரண்டு ஸ்ட்ரிப் மிச்சம். பிளாங்க் சார் ஒன்றை எடுத்துச் செருகினார். ஊசியை எடுத்தார். எடுத்துத் தன் விரலில் குத்திக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்திருப்பேன். “உங்களுக்குப் பைத்தியமா சார்? சாகக் கிடக்கறது அவங்க. இங்கயும் பிளாங்க்கா?”

அவர் ரத்தத் துளியை ஸ்ட்ரிப்பில் வைத்தார். மெஷின் ஐந்து வரை எண்ணிவிட்டு நூற்றி நான்கு என்று தெளிவாகக் காட்டியது. அதை அக்காவின் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினார். பிறகு கடைசி ஸ்ட்ரிப்பைப் போட்டு அக்காவின் விரலில் குத்தினார். நம்பர் வரவில்லை. அதே எழுத்து.

“மெஷினு நல்லா கீதுண்ணா. என்னுத கரெக்டா காட்டுச்சு, பார்த்தீங்கல்ல? அக்காவுக்குச் சர்க்கரை, மெஷினு எண்ற அளவத் தாண்டிப் பூட்ச்சி. இப்பவே தூக்கணும்.”

அந்த மனிதர் ஒரு நொடி மெஷினைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். யூனிஃபார்ம் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, எதிர்வீட்டு வேன்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கேட்காத கேள்வி இல்லை. எல்லாவற்றுக்கும் உண்மையே சொன்னேன். ‘நாளைக்குக் கொண்டுவந்திருந்தா’ என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். நர்ஸ் அக்காவின் கையில் ட்ரிப்பும் இன்சுலினும் ஏற்றினார். வராந்தாவில் என் பக்கத்தில் பிளாங்க் சார் விரலில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரிடம் எதையாவது பேச வேண்டும் போல் இருந்தது.

“இந்த ட்ரிப் ஏத்தாம இருந்தா இன்னா ஆவும்னு கேக்கலியா சார்?”

“சிலதுக்கு பார்க்கக் கூடாது மேடம்” என்றார். ரத்தம் எப்போதோ நின்றுபோன விரலில் பஞ்சை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கும் பயம் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்கா பிழைத்தார். பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். “நீ நல்லதுக்குதான குடுத்த” என்றார். அது என்னை இன்னும் நோகடித்தது.

அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, அடுத்த திங்கட்கிழமை, புளிப்பை நீக்கிவிட்டு சுமாக்கை மறுபடி சோதித்தோம். முழு நீலம் போய், வெளிறிய நீலம் கொஞ்சம் மிஞ்சியது. ஆக, பொடியில் ஏதோ இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் குழாய்க்குச் சர்க்கரை வியாதி கிடையாது, மனிதருக்குத்தான் உண்டு. அதனால் இது மாத்திரைக்குப் பதில் ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொடிக்காரர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வைத்துவிட்டுப் போன மைசூர்பாகைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். எம்.டி. என்னை ஒரு மணி நேரம் நிற்கவைத்துத் திட்டினார். கதவுக்கு வெளியே ஒருவர் எனக்காகக் காத்திருந்தார், நெற்றியில் ஒரு பக்கம் தைலத்தோடு.

அடுத்த வருடம் அவர் ஐதராபாத்தில் ஒரு லேபுக்குப் போய்விட்டார். போனபோது நிம்மதி என்று நினைத்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தாலும் தோள் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கேன்டீனில் எல்லாக் கரண்டிக்கும் பொட்டு வைத்திருந்தார் கன்னியம்மா அக்கா. ஓரத்தில் ஒரே ஒரு ரசக் கரண்டி மட்டும் வெறுமையாகத் தொங்கியது.

“இதுக்கு மறந்துட்டீங்களாக்கா?”

“மறக்கல மேடம். அந்த சாரு என்னிக்காவது வந்து கேட்டா, பதில் சொல்லணும்ல?”

நான் தட்டை நீட்டி, அந்தக் கரண்டியாலேயே ரசம் ஊற்றச் சொன்னேன்.