பல்லுக்கு ஒரு படம்

வாயைத் திறந்துவைத்துக்கொண்டு எப்படிப் பேரம் பேசுவது என்று ஓவியருக்குத் தெரியவில்லை.

"கடைவாய்ப் பல். வேர் வரைக்கும் போயிடுச்சு. எடுத்துடலாம்," என்றார் பல் டாக்டர்.

"ஆ," என்றார் ஓவியர்.

டாக்டர் கருவியை வெளியே எடுத்தார்.

"எவ்வளவு ஆகும்?"

டாக்டர் சொன்னார். ஓவியர் மறுபடி வாயைத் திறந்தார். இந்த முறை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

நாற்காலியின் காலடியில் பழுப்புத் தாள் சுற்றிய ஒரு படம் கிடந்தது. காப்பிக் கடைச் சுவரில் மூன்று மாதம் தொங்கிவிட்டு அன்று காலைதான் அவரிடம் திரும்பி வந்திருந்தது. மூன்று மாதத்தில் அதைப் பற்றி விசாரித்தவர் ஒரே ஒருவர். அதன் பின்னால் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று கேட்டாராம்.

"டாக்டர், பணத்துக்குப் பதிலா இதை..."

டாக்டர் தாளைப் பிரித்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு வாளி.

"வாளியா?"

"ஆமா."

"காலி வாளியா?"

"ஆமா."

டாக்டர் படத்தை ஜன்னலோரம் எடுத்துப் போனார். தள்ளி நின்று பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். வலியை மறந்து ஓவியர் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடத்தில் அவருடைய படத்தை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"சரி," என்றார் டாக்டர். "வாயைத் திறங்க."

வீட்டுக்குள் நுழையும்போது ஒரு கன்னம் வீங்கியிருந்தது. இன்னொரு கன்னம் சிரித்தது.

"படம் போயிடுச்சு," என்றார்.

மனைவி எழுந்தேவிட்டாள். "யார் வாங்கினது?"

"பல் டாக்டர்."

"எவ்வளவுக்கு?"

ஓவியர் வாயைத் திறந்து காட்டினார். மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. வருடத் தொடக்கத்தில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். பன்னிரண்டு மாதம் அவர் படம் மட்டும் போடலாம். அதற்குள் படம் சோறு போட்டால் சரி. இல்லையென்றால் அவள் தம்பியின் டைல்ஸ் கடையில் மேற்பார்வையாளர் வேலை. கடைக்குப் போனால் தூரிகையைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கப்போகிறவரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மச்சினன் நல்லவன். அதுதான் கஷ்டம்.

"மாமா, நீங்க வந்து நின்னா கடைக்கே ஒரு களை வந்துடும்," என்பான். "பாத்ரூம் டைல்ஸ்லயே எத்தனை டிசைன் இருக்கு தெரியுமா? உங்க கைக்கும் கண்ணுக்கும் அதான் சரியான இடம்."

கிண்டல் இல்லை. மனதாரத்தான் சொல்வான்.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்தார். முகம் மாறியது.

"பக்கத்துப் பல்லும் சரியில்ல."

"வலிக்கலையே, டாக்டர்."

"வலிக்கிற வரைக்கும் விட்டா அது என் கையில இல்ல. உங்க தொழில்ல இது சகஜம். வண்ணம் கரைக்கற டர்பன்டைன் ஆவி நேரா ஈறுல போய் உட்காரும்."

"பணம்..."

"பணத்தை யார் கேட்டா? வேற வாளி இருக்கா?"

இருந்தது.

மூன்றாவது பல்லுக்குக் கிணற்றடி வாளி போயிற்று. நான்காவதற்குக் கவிழ்ந்த வாளி. ஐந்தாவது பல் எடுத்தபோது கைவசம் வாளி தீர்ந்துவிட்டது. ஓவியர் பஞ்சைக் கடித்தபடி வீட்டுக்கு வந்து புதிதாக ஒன்று தொடங்கினார்.

அவர் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை. படம் காய்வதற்குள் அடுத்த பல் ஆட ஆரம்பித்துவிடும். ஆடாத பல்லும் டாக்டர் ஆட்டிப் பார்த்தால் ஆடியது. தன்னைப் பற்றிய குறிப்பில் ஒரு வரி சேர்த்தார்: 'தனியார் சேகரிப்பில் பதினொரு படங்கள்.' எழுதிவிட்டு இரண்டு முறை படித்தார்.

டாக்டருக்கும் ருசி வளர்ந்தது.

"அடுத்தது கொஞ்சம் அகலமா இருக்கட்டும். எங்க வீட்டுச் சோபாவுக்கு மேல மாட்டணும்."

"எத்தனை அடி?"

"அஞ்சு. வாளியை நீலமாக்கிடுங்க."

அடுத்த மாதம் சோபா ஏழடி ஆனது. அதற்கடுத்த மாதம் மூன்றடி.

"எத்தனை சோபா டாக்டர் வச்சிருக்கீங்க?"

"பெரிய குடும்பம்," என்றார் டாக்டர். "நல்லாத் திறங்க."

மனைவிக்கு மனம் ஒப்பவில்லை.

"வேற டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டலாமே."

"வேற டாக்டர் காசு கேப்பாரே."

"அவ்வளவு படத்தையும் இவர் எங்கதான் வச்சிருக்கார்?"

"வீட்ல. கிளினிக்ல மாட்டினா மருந்து வாடை ஏறிடுமாம்."

"ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"கூப்பிடாம எப்படிப் போறது? தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது."

"இங்க மாடுல்ல உங்க பல்லைப் பிடிக்குது," என்றாள் மனைவி.

ஓவியருக்குள் வேறொரு உறுத்தல் இருந்தது. தினம் பத்துப் பேருக்கு வலி தீர்க்கிற மனிதர். தன்னுடைய காலி வாளிக்காக முக்கால் மணி நேரம் நின்று மல்லுக்கட்டுகிறார். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பதில் ஓவியருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அதனால் வண்ணத்தில் கஞ்சம் பிடிக்காமல் நல்ல குழாய்களாகவே பிதுக்கினார். அந்தக் குழாய்களை வாங்கியது மனைவி.

எட்டாவது மாதம் முன்பற்கள் போயின.

சனிக்கிழமைகளில் அவர் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்துவந்தார். கையில் காசாக வந்த ஒரே வேலை அதுதான். பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். அவர் "சதுரம்" என்றால் விசில் வந்தது. முதல் வாரம் பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் மொத்த வகுப்பும் அவரிடம் சதுரம் எப்படிப் போடுவது என்று கேட்டது. மூன்றாவது வாரம் ஒரு சிறுமி அவருடைய பொக்கை வாயை வரைந்தாள். வகுப்பிலேயே அதுதான் நல்ல படம். அவர் அதற்கு முழு மதிப்பெண் போட்டார். வகுப்பு நடத்துகிற அம்மாள் அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"கொஞ்ச நாள் ஓய்வெடுங்க, சார். பல்லு கட்டிட்டு வாங்க."

அடுத்த வாரமே, இத்தனை வருடமாக எழுதிப் போட்ட கடிதங்களில் ஒன்றுக்கு உயிர் வந்தது. ஓவியக் கூடத்தின் பொறுப்பாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். மெலிந்த பெண்மணி. செருப்பைக் கழற்றியதும் சுவரைப் பார்த்தார். சுவரில் ஆணிகள் இருந்தன.

"படங்களைக் காட்டறீங்களா?"

ஓவியர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். "எல்லாம் சேகரிப்புல இருக்கு."

"எல்லாமேவா! எந்தச் சேகரிப்பு?"

"ஒரு டாக்டர்."

"நம்ம இருதய டாக்டரா? அவர் நிறைய வாங்குவார்."

"பல்லு," என்றார் ஓவியர். விரலிடுக்கில் காற்று வந்தது.

பொறுப்பாளர் சற்று நேரம் அவர் கையையே பார்த்தார். மூலையில் ஆறடித் துணியில் ஒரு படம் பாதியில் நின்றது. மாடிப்படி முழுக்க வாளிகள், மேலிருந்து கீழ்வரை. ஒன்றில் மட்டும் தண்ணீர்.

"இதைப் பத்திச் சொல்லுங்க."

ஓவியர் சொன்னார். மூடிய கைக்குள் சொன்னதால் அவருக்கு மட்டும் கேட்டது.

"எங்ககிட்ட வாங்கறவங்க ஓவியர்கிட்ட பேசணும்னு எதிர்பார்ப்பாங்க," என்றார் பொறுப்பாளர் வாசலில் நின்று. "நீங்க பேச விரும்பலைன்னு தெரியுது. அதை மதிக்கறேன்."

மனைவி கதவைச் சாத்தினாள். இருவரும் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல்ல பல்லைக் கட்டுங்க," என்றாள் கடைசியில்.

டாக்டர் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். உண்மையிலேயே வருந்தினார்.

"முழுசா பல்செட் போட்டுடலாம். ராஜா மாதிரி பேசலாம். ஆனா மிச்சம் எட்டு இருக்கே. அது இருந்தா செட் நிக்காது."

"எட்டும் நல்லா இருக்கே, டாக்டர். அதுலதான் சாப்பிடறேன்."

"இடிஞ்ச வீட்ல ஒரு தூணை மட்டும் விட்டுவச்சா யாருக்கு என்ன லாபம்? எட்டுப் பல்லு, எட்டுப் படம். பல்செட்டுக்கு அந்தப் பெரிய படம்."

"அது ஓவியக் கூடக் கண்காட்சிக்கு..."

"பல்லில்லாமக் கண்காட்சியா?"

ஓவியர் என்ன சொல்லியிருந்தாலும் விசிலாகத்தான் வந்திருக்கும்.

ஆறு வாரத்தில் எட்டுப் பல்லும் போயின. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்றுகொண்டு எட்டு வாளி வரைந்தார். ஈரத்தோடு ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு பெரிய படத்தை முடித்தார். கடைசி வாளியின் தண்ணீரில் ஒரு ஜன்னலின் வெளிச்சம் விழுந்தது. இவ்வளவு நன்றாக இதுவரை எதையும் அவர் போட்டதில்லை. மனைவிகூட அலுவலகம் கிளம்பும்போது அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். பஸ்ஸைத் தவறவிட்டாள்.

வருடத்தின் கடைசி வாரம் பல்செட் வந்தது.

"சிரிங்க," என்றாள் மனைவி.

சிரித்தார்.

"யாரோ மாதிரி இருக்கீங்க."

"யார் மாதிரி?"

அவள் தயங்கினாள். "கடையில நிக்கறவங்க மாதிரி."

மறுநாள் பெரிய படத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மழைத்தாள் போர்த்தி, கிளினிக்குக்குக் கொண்டுபோனார். டாக்டர் வெளியூர் போயிருந்தார். வரவேற்பு மேஜையில் அந்த வாரம்தான் சேர்ந்த ஒரு பெண். ஒரு காதில் தொலைபேசி.

"நீங்கதான் படம் போடற சாரா?" என்றாள் உற்சாகமாக. "அப்படி ஓரமா வச்சிடுங்க."

"இதை டாக்டர் வீட்டுக்கு அனுப்பணும். மத்த படங்களோட மாட்டறதுக்கு."

"டாக்டர் வீட்ல படமா?" அவள் யோசித்தாள். "நேத்துகூட மருந்துப் பெட்டி கொடுக்கப் போயிருந்தேனே. ஒரு படம்கூட இல்லையே சார். சோபாவுக்கு மேலயும் வெறும் சுவர்தான்."

தொலைபேசியில் யாரோ பேச, அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஓவியர் நோயாளிகளின் பெஞ்சில் உட்கார்ந்தார். இருபத்தேழு வாளி. ஒன்றுகூடச் சுவர் ஏறவில்லை. இப்போது எல்லாம் புரிந்தது. அந்த மனிதர் இரக்கப்பட்டிருக்கிறார். காசில்லாதவனுக்கு இலவசம் என்றால் கூசுவானே என்று படத்தை வாங்கிக்கொண்டு, அவன் தெருமுனை திரும்பியதும் எங்கோ வீசியிருக்கிறார். ஜன்னலோரம் நின்று அவ்வளவு நேரம் பார்த்ததுகூட நாகரிகத்துக்காக. இருபத்தேழு முறை.

எதிர்ப் பெஞ்சில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் அனுதாபத்தோடு கேட்டார். "ரொம்ப வலியா?"

"இல்ல. பல்லே இல்ல," என்றார் ஓவியர்.

பையிலிருந்து செல்போனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து வர்றேன்."

"மாமா! நிஜமாவா? அக்காகிட்ட சொல்லிட்டீங்களா? உங்களுக்குன்னு தனி நாற்காலி போடறேன்."

"வேண்டாம். நிக்கறேன்."

"படம் போடறது?"

"விட்டுட்டேன். சத்தியமா."

'ச'வில் விசில் வரவில்லை. பல்செட் நன்றாகத்தான் வேலை செய்தது.

எழுந்தார். பெரிய படத்தின் மேலிருந்த மழைத்தாளை எடுத்து மடித்துக்கொண்டார். படத்தைப் பார்க்காமலே கதவுப் பக்கம் நடந்தார்.

"சார், சார், ஒரு நிமிஷம்," வரவேற்புப் பெண் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கூப்பிட்டாள். "அடுத்த பல்லு எப்போ எடுக்கறீங்க? உங்க படத்துக்கு முன்பணம் கட்டினவங்க இன்னும் ஏழு பேர் இருக்காங்க, தினமும் போன் பண்ணி உசிரை வாங்கறாங்க."