தும்புத்தடியார் கூட்டிய விமானம்

“இறக்கையில் கிடக்கும் பனி முதலில் துடைப்பத்தால் தள்ளப்பட வேண்டும். அதன் பின்னரே உறைநீக்கித் திரவம் தெளிக்கப்படலாம்.” யூட்லாந்தில் நான் வேலை செய்த விமான நிலையத்தின் குளிர்காலக் கைநூலில் இப்படியொரு விதி இருந்தது. அதைத் தட்டச்சுச் செய்தவன் நான். நானே நம்பாத அந்த விதியை டென்மார்க் முழுவதிலும் நம்பிய ஒரேயொரு மனிதர் தும்புத்தடியார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். சம்பளப் பகுதிக்கு அது தெரிந்திருக்கலாம். எங்களுக்கு, அவர் கையை விட்டு இறங்காத அந்த நீளத் துடைப்பம், எங்கள் ஊர்ப் பேச்சில் தும்புத்தடி, அதுதான் பெயர். நான் அவரை அண்ணை என்பேன். அவரும் என்னை அண்ணை என்பார். இளையவன் என்று ஒத்துக்கொள்ள இருவருக்கும் மனமில்லை.

மற்றவர்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, குழாயைத் திறந்து, சுடச்சுடச் செம்மஞ்சள் திரவத்தை அடித்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போவார்கள். தும்புத்தடியாரோ தூக்குக் கூடையில் ஏறி நின்று, இறக்கையின் அடியிலிருந்து நுனிவரை நிதானமாகக் கூட்டுவார். கீழே மேற்பார்வையாளர் ஹென்னிங் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்தே அரைக் கிழவனானார்.

“அண்ணை, இது பிளேன். உங்கட வீட்டு வளவு இல்லை,” என்றேன் ஒருநாள்.

“வளவெண்டால் மனிசி கூட்டுவா. இதை ஆர் கூட்டுறது?”

அவருடைய வாதம் எளிமையானது. பனியைக் கூட்டித் தள்ளினால் கொஞ்சத் திரவம் போதும். கூட்டாவிட்டால் பனியை உருக்கவே வண்டி வண்டியாக அடிக்க வேண்டும். அடித்ததெல்லாம் ஓடுதளத்துக்குப் பின்னாலுள்ள ஓடைக்குப் போகும். திரவத்திலுள்ள கிளைக்கோல் அங்கே சிதையும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். மீனுக்கு மூச்சு முட்டும். இதை வாயால் சொன்னால் போதாதென்று, ஜாம் போத்தலில் ஓடைத் தண்ணீரை அள்ளிவந்து என் கோப்புகளின் மேல் வைத்தார்.

“மூக்கில வைச்சு மணந்து பாருங்கோ.”

மணந்து பார்த்தேன். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

இந்தப் பைத்தியம் வேலைத்தளத்தோடு நின்றிருந்தால் பொறுத்திருக்கலாம். சில்க்போர்க் நகரில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையின் காரை மூடிப் பனி. தோழன் உறைநீக்கி ஸ்பிரேயை எடுத்ததுதான் தாமதம், தும்புத்தடியார் அதைப் பறித்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, தன் காருக்குள்ளிருந்த தும்புத்தடியோடு வந்துவிட்டார்.

“முகூர்த்தம் போகுது அண்ணை!”

“போனால் ஐயர் இன்னொண்டு பாத்துத் தருவார். செத்த மீனுக்கு ஆர் பாத்துத் தருவினம்?”

தாலி ஏறியது. ஐயரின் முகம்தான் இறங்கியிருந்தது.

விமானங்கள் பிந்துகின்றன என்று தும்புத்தடியாருக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. இன்னொருமுறை நடந்தால் வேலை இல்லை. “விதியை நீங்கள்தானே அடிச்சனீங்கள். அவங்களுக்குச் சொல்லுங்கோவன்,” என்றார். விதி இருப்பது வேறு, அமலில் இருப்பது வேறு என்று விளக்கினேன். யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் பத்து வருடம் கோப்புப் பார்த்தவனுக்கு இந்த வேறுபாடு தாய்ப்பாலோடு வந்தது.

பிறகு 2009ஆம் ஆண்டின் மாசி மாதம். என் தங்கையும் மூன்று பிள்ளைகளும் வன்னிக்குள், யுத்தத்தின் நடுவில். தைக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அலுவலகத்திலிருந்து மாறி, இறக்கையைக் கையால் தொட்டுப் பார்த்துக் கையெழுத்து வைக்கும் இறுதிப் பரிசோதகர் வேலை அப்போது எனக்கு. அன்று கொட்டியது ஈரப்பனி. கூட்டவே கூடாதென்று ஹென்னிங் தடுத்துவிட, மொத்தப் பனியின் மேல் திரவத்தை அடித்தார்கள். அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து தம்பியின் அழைப்பு. “இன்னும் ஒண்டும் தெரியேல்லை அண்ணா,” என்றான். கைத்தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே தாளில் கையெழுத்து வைத்தேன்.

தும்புத்தடியார் அருகில் வந்தார்.

“அண்ணை, செட்டையைத் தொட்டுப் பாத்தனீங்களோ?”

“பாத்தன்.”

“பொய்.”

யாரிடமும் கேட்காமல் கூடையில் ஏறினார். கையுறையைக் கழற்றி உள்ளங்கையை இறக்கையில் வைத்தார். உருகிய பனி திரவத்தை நீர்த்துப்போக வைத்து, மறுபடி உறைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் படலம். அந்த இறக்கையோடு விமானம் எழும்பியிருந்தால்... அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை முடித்ததில்லை. உள்ளே பயணிகள் இருக்கைப் பட்டி கட்டியிருந்தார்கள்.

இறங்கிவந்தவர் என் கையிலிருந்த தாளை வாங்கித் தன் சட்டைக்குள் செருகினார். ஓடிவந்த ஹென்னிங்கிடம், பரிசோதகர் கையெழுத்து வைக்கும் முன்பே தானாக ஏறிவிட்டதாகச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி திரவம் அடித்து விமானம் பிந்திக் கிளம்பியது. உறைவைக் கண்டுபிடிப்பது பரிசோதகர் வேலை, அவர் வேலை குழாயைப் பிடிப்பது என்று தீர்ப்பாகி, தும்புத்தடியாரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

போகும்போது தாளைத் தந்தார். “கிழிச்சுப் போடுங்கோ. தங்கச்சி பிள்ளையளுக்கு நாளைக்கு நீங்கள்தானே காசு அனுப்பவேணும்.”

நான் வாழ்நாளில் ஒரு தாளைக் கிழித்தவனல்ல. நடந்ததை நடந்தபடி நிர்வாகத்துக்கு டேனிஷில் மூன்று பக்கம் எழுதி, அந்தத் தாளை முதலாம் இணைப்பாகச் சேர்த்தேன். அனுப்பும் முன் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“உங்கட வேலையும் போகப்போகுது,” என்றார்.

“போகட்டும்.”

“சரி, ஓடையைப் பற்றி எழுதினனீங்களோ?”

“இது உங்கட வேலையைப் பற்றின கடிதம் அண்ணை!”

“என்ர வேலையைப் பற்றி எழுதினது காணும். ஓடையை எழுதுங்கோ.”

நாலாம் பக்கம் எழுதினேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு துடைப்பம், வழிந்தோடும் திரவத்தைப் பிடித்துத் தேக்க ஒரு தாங்கி.

பதில் வரவில்லை. தும்புத்தடியார் வந்தார். தங்கைக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கம் மட்டும். நானும் மனைவியும் வேலைக்குப் போனால் அதை எடுக்க ஆளில்லையே. “நீங்கள் போங்கோ, நான் போனுக்குப் பக்கத்தில இருக்கிறன். எனக்கென்ன, வேலையோ வெட்டியோ?” சித்திரை முழுக்க இருந்தார். வேலை முடிந்து ஒருநாள் வந்தபோது கதவைத் திறந்துவைத்து வாசலில் நின்றார். கையில் ஒரு கடித உறை. அதன் பின்புறத்தில் கோணல் எழுத்து: “தங்கச்சி உயிரோடை. பிள்ளையள் மூண்டும். வவுனியா முகாம். காலில் காயம், பயமில்லை.”

தங்கை பின்னர் சொன்னாள்: “ஆரண்ணா அந்த மனிசன்? ‘தகப்பன்ர முழுப்பேர் சொல்லு, எழுதவேணும்’ எண்டார். நான் அழ, ‘அழுகையைப் பிறகு பாப்பம், முதல் பிள்ளையளை எண்ணு’ எண்டார்.”

வைகாசியில் யுத்தம் முடிந்ததென்றார்கள். நம் சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்த நாட்கள் அவை. பனியெல்லாம் உருகி ஓடைக் கரையில் புல் முளைத்த பிறகு நிர்வாகத்துக்கு எங்கள் நினைவு வந்தது. தும்புத்தடியாருக்கு வேலை திரும்பவும். வண்டிகளுக்குத் துடைப்பம், கூட்டிய பிறகே திரவம். தாங்கி பரிசீலனையில். தொடாமல் கையெழுத்து வைத்த எனக்கு எழுத்தில் எச்சரிக்கை.

என் எச்சரிக்கையைத்தான் அவர் முதலில் கேட்டு வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தார். “எனக்குத் தந்ததை விட வடிவான தாளில தந்திருக்கிறாங்கள்,” என்று குறைப்பட்டார்.

எனக்கு வந்த கடிதமெல்லாம் கோப்பில் இருக்கிறது. அந்த எச்சரிக்கை மட்டும் வரவேற்பறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள். வருகிறவர்கள் அதைப் பட்டம் என்று நினைத்துக் கிட்டப்போய்ப் பார்க்கிறார்கள், நான் திருத்துவதில்லை. திகதி: 2009 ஜூன் 12, வெள்ளிக்கிழமை.