சோதிக்காமல் விட்ட ஆறாவது முளை

அன்பு மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதிக்கொண்டது.

இங்கே நான் நலம். உன் அக்காள் என்னைவிட நலம். அங்கே நீயும், உன் வீட்டாரும், போன தடவை மலையில் நீ பிசகிக்கொண்ட உன் முழங்காலும் சௌக்கியம்தானே?

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேப்பரில் வரும் விளம்பரம் வரைக்கும் வரி விடாமல் படித்துக்கொண்டிருந்த என்னை, "அத்தான், ரெண்டு நாள் மலைக்கு வாங்க, நடந்தா எல்லாம் சரியாயிடும்" என்று நீ கூப்பிட்டாயே, அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொன்னதோடு நிற்காமல் கூடாரத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டாய். தூக்கிப் பார்த்தேன், தூக்கிய மாதிரியே இல்லை. உன் அக்காளும் தூக்கிப் பார்த்தாள், அங்கேதான் பிடித்தது சனி. "இவ்ளோ லேசா இருக்கே, காத்துல பறக்காதா? ஏரிக்கரையில உங்க கம்பெனிக் குடை பறந்துச்சே, அந்த மாதிரி நீங்களும் பறந்துடுவீங்க. பறக்காதுன்னு என் கண்ணு முன்னால காட்டிட்டு அப்புறம் போங்க" என்றாள். அந்தக் குடையைச் சோதித்து முத்திரை குத்தி அனுப்பியவன் நான்தான் என்பதை அவள் இந்தப் பிறவியில் மறக்கப்போவதில்லை. ஆக, என் மலைப்பயணம் முழுக்க, கூடாரத்தைத் தரையோடு பிடித்துவைக்கும் ஆறு முளைகளை நம்பி நின்றது.

கூடாரத்தோடு நீ அனுப்பிய முளைகளைப் பற்றி நான் குறை சொல்லவில்லை, ஆனால் அவை முளைகள் இல்லை, கொண்டை ஊசிக்கு அண்ணன்மார்கள். எங்கள் குடியிருப்பின் பின்பக்கப் புல்வெளியில் ஒன்றை அடித்தேன். உள்ளே ஒரு கல் இருந்தது போல. அது போன வழியே திரும்பி என்னையே பார்த்து வளைந்து நின்றது. மாடியிலிருந்து உன் அக்காள், "ஒண்ணு போச்சு!" என்று ஊருக்கே அறிவித்தாள். சரியென்று மலையேறும் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா, "எந்த மண்ணுல சார் அடிப்பீங்க?" என்றார். "தரையில இருக்கிற மண்ணுலதாம்மா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மணலுக்கு அகலமான பிளாஸ்டிக் முளை, கல்லுத் தரைக்கு மெல்லிய டைட்டானியம் முளை, மற்ற எல்லாவற்றுக்கும் மூன்று பட்டை வைத்த அலுமினிய முளை என்று எடுத்து வைத்தார். மூன்றிலும் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிக்கொண்டேன், பாக்கெட்டுக்கு ஆறு.

குடைக் கம்பெனியில் எங்கள் பிரிவின் முறை உனக்குத் தெரியும். வந்த சரக்கில் ஒன்றை எடுத்து, அது உடையும்வரை பாடாய்ப் படுத்த வேண்டும், எங்கே உடைகிறது என்று தெரிந்தால்தான் மிச்சத்தை நம்பலாம். ஆயுசு முழுக்கச் செய்த வேலை, கை சும்மா இருக்குமா? பிளாஸ்டிக் முளையைத் துணி துவைக்கும் கல்லில் வைத்து ஒரு போடு போட்டேன், அதன் தலை மட்டும் ஜன்னல் வழியே பறந்துபோய்ச் சமையலறைக் கடிகாரத்தில் பட்டு, அன்று முதல் நம் வீட்டில் மணி பதினொன்றே காலாகவே இருக்கிறது. டைட்டானியமோ உடையவே மாட்டேன் என்றது. சரி, மண்ணிலாவது பார்ப்போம் என்று புல்வெளியில் அடித்தேன். ஈர மண்ணில் கயிற்றை இழுத்தால் வெண்ணெயில் செருகிய கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. திரும்ப அடித்துவிட்டுக் கயிற்றை எடுக்கத் திரும்பினேன், முளையைக் காணோம், சாம்பல் நிறம் புல்லோடு புல்லாய்ப் போய்விட்டது. நான் தேடிக் கிடைக்காததை எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளரின் புல்வெட்டும் மெஷின் தேடிக் கண்டுபிடித்தது. "மெஷின் எதையோ கடிச்சுட்டு அப்படியே நின்னுபோச்சு சார். நீங்க ஏதாவது விதைச்சீங்களா?" என்று வாசலில் வந்து நின்றார். சமாதானம் சொல்லி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியில் ஜெயித்தது மூன்று பட்டை முளைதான். மூன்று பக்கமும் மண்ணைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. கயிற்றை இடுப்பில் கட்டி இழுத்தேன், நான் விழுந்தேன், முளை விழவில்லை. நல்லது என்று விட்டிருக்கலாம். விடவில்லை. ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினேன். பலமாகச் சாத்திய பிறகு முளை வளைந்தது, கதவும் வளைந்தது. சந்தோஷமாக நிமிர்ந்தபோது உன் அக்காள் நின்றுகொண்டிருந்தாள். "எல்லாத்துலயும் ஒண்ணை ஒடைச்சு ஒடைச்சுப் பாத்தீங்க. இப்போ எந்தப் பாக்கெட்லயும் ஆறு இல்ல. மலையில ஆறாவது மூலைக்கு நீங்களே போய்ப் படுத்துக்குங்க" என்றாள். மைத்துனா, அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை.

கடைக்கு ஓடினேன். மூன்று பட்டையில் நான் வாங்கியதுதான் கடைசிப் பாக்கெட்டாம். என் முகத்தைப் பார்த்து மனசு இரங்கி, வாசலில் பார்வைக்கு நிறுத்தியிருந்த கூடாரத்திலிருந்து அதே மாதிரி ஒரு முளையைப் பிடுங்கிக் கொடுத்தார் கடைக்காரம்மா. "தயவுசெஞ்சு இதை ஒடைச்சுடாதீங்க சார்." வீடு வந்து சேரும்வரை நல்லவனாகத்தான் இருந்தேன். ஆனால் தனியாக வந்த சரக்கு, எந்தப் பாக்கெட்டில் வந்தது என்றே தெரியாதது, வெயிலிலும் மழையிலும் கிடந்தது, சோதிக்காமல் எப்படி நம்புவது? கதவிடுக்கை நோக்கிக் கை போனது. உன் அக்காள் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, தானே புல்வெளிக்கு இறங்கிவிட்டாள். "எந்தப் பக்கம் சாய்க்கணும்?" என்று மட்டும் கேட்டாள். "தலை வெளிப்பக்கம் சாயணும்" என்றேன். நான் கூடாரத்தை நிமிர்த்திப் பிடிக்க, ஆறையும் அவளே அடித்தாள்.

அடித்து முடிக்கவும் காற்று எழும்பவும் சரியாக இருந்தது. மழையும் சேர்ந்துகொண்டது. இருவரும் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டோம். மொட்டைமாடியில் காய்ந்த துணியெல்லாம் பறந்தது, செயலாளரின் போர்வை எங்களைத் தாண்டித் தெருவுக்கே போனது, கூடாரம் மட்டும் இம்மியும் நகரவில்லை. உன் அக்காள் போர்வையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது, எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மழை விட்டதும் கயிற்றை ஒரு தட்டுத் தட்டி, "சரி, நம்பலாம்" என்றாள். ஆக, எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறேன், நிலையத்தில் காத்திரு.

உன் வீட்டாருக்கு என் அன்பும், உனக்கும் உன் முழங்காலுக்கும் என் ஆசியும்.

இப்படிக்கு,
மலையேறப் போகும் உன் அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் உன் அக்காள் இதை வாங்கிப் படித்தாள். "நம்பலாம்னு நான் சொன்னது டென்ட்டை, உங்களை இல்ல. மலை மேல போய் டென்ட்டைத் தாங்குற கம்பி எங்க ஒடியும்னு நீங்க பாக்க மாட்டீங்களா? அதுல ரெண்டு பேருக்குத்தான் இடம். நானும் தம்பியும் போறோம்" என்கிறாள். புது ஷூவைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து பழகவும் தொடங்கிவிட்டாள். ஆகவே நான் வருவதாக எழுதிய இடத்தில் அவள் வருவதாகப் படித்துக்கொள். ஒன்றே ஒன்று, மைத்துனா. அந்த ஆறாவது முளையை நான் சோதிக்கவே இல்லை. எதற்கும் அதை உன் பக்கமாக அடித்துக்கொள்.