வெயில் எந்தப் பக்கம்?

மன்னார்குடியில் சூரியனையே வேலை வாங்கிய ஆள் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் 'வரப்பு'தான்.

உரக்கடை மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி. மொத்த ஜனத்தொகை நானும் அவரும். செல்போன் விளையாட்டுகளுக்கு, புள்ளி புள்ளியாகக் கட்டம் நிரப்பி, எறும்பு அளவில் பொம்மை வரைவோம். பொம்மையைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோட்டை உலகமே அவுட்லைன் என்றபோது அவர் மட்டும் வரப்பு என்றார். பெயரும் அதுவே ஆயிற்று.

சிங்கப்பூர் கம்பெனி ஒன்று, மாதிரிக்கு ஒரு சிப்பாயை நடக்கவைத்து அனுப்பச் சொன்னது. பிடித்தால் வருடம் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால் நான் மச்சானோடு துபாய் போய் சிமெண்ட் மூட்டை எண்ண வேண்டும். வீட்டில் பெட்டியைத் தூசி தட்டியே வைத்துவிட்டார்கள்.

அனுப்பினோம். "சிப்பாய் ஏன் மினுக்குகிறான்?" என்று பதில் வந்தது. ஓடவிட்டுப் பார்த்தேன். ஓரடியில் நிழல் முதுகில், அடுத்த அடியில் மார்பில். திருவிழா சீரியல் லைட் தோற்றது.

"என்னய்யா இது?"

"ஜன்னலப் பாத்துதாண்ணே நிழல் வச்சேன். வலது கால் காலையில வரைஞ்சது, இடது கால் சாயங்காலம்."

"ஒரு அடி வைக்கிறதுக்குள்ள சூரியன் மேக்க போயிடுமாய்யா?"

"அவன் மெதுவா நடக்கறான்னு நெனச்சேங்க."

ஊர்ச் சாமி கோபாலனுக்கு ஒரு வேண்டுதல், மாதா கோயிலுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன். யார் முந்துகிறார்களோ முந்தட்டும். அவரோ நிதானமாக ஜன்னலை யூரியா சாக்கால் மூடி, டியூப்லைட்டைப் போட்டார். "இனிமே வெயில் மேலேருந்துதாங்க."

எல்லா அடியிலும் நிழல் ஒழுங்காக முகவாய்க்குக் கீழே இறங்கியது. மூச்சு விட்டேன். அடுத்து, சிப்பாயின் தலையிலும் தோளிலும் கறுப்புக் கோட்டை அழிக்க ஆரம்பித்தார்.

"யோவ்! வரப்ப ஏன்யா அழிக்கிற?"

"மடை வெட்டுறேண்ணே. சுத்தி அடைச்சு வச்சா வெளிச்சம் எப்படி உள்ள பாயும்?"

மிச்சக் கோட்டையும் கறுப்பிலிருந்து சட்டையின் கரும்பச்சைக்கு மாற்றினார். அதுவரை அட்டையில் வெட்டி ஒட்டியது போலிருந்தவன், குளித்துவிட்டு வந்த ஆள் மாதிரி நிமிர்ந்து நடந்தான்.

ஆர்டர் கிடைத்தது. என் பெட்டி பரணுக்குப் போனது. சில வருடம் கழித்து அந்தக் கம்பெனியே அவரைக் கூப்பிட்டுக்கொண்டது.

அங்கிருந்து அவர் முதல் தடவை போன் செய்தபோது, "எப்படிய்யா இருக்கு?" என்றேன்.

"எல்லாம் நல்லாருக்குண்ணே. ஆபீஸ்ல ஜன்னல்தான் இல்ல. அங்க வெயில் இப்ப எந்தப் பக்கம் அடிக்குது?"

சாக்கை விலக்கிப் பார்த்துச் சொன்னேன். இப்போதெல்லாம் அவர் போன் வந்தால், ஜன்னலுக்குப் போன பிறகுதான் ஹலோ சொல்கிறேன்.