சீஃப் வீட்டுக் கோழி தின்ற ஓட்டு

மதிப்பிற்குரிய மாமா கயேம்பா அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகள் நமல்வா தலைவணங்கி எழுதுவது. கர்த்தர் கிருபையால் அம்மா நலம், தங்கை நெலிமா நலம், நீங்கள் கொடுத்த பசுவும் நலம். நகுருவில் அத்தையும் பிள்ளைகளும் குளிரில் இருமாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். ஜெபம் என்று எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது மாமா. ஏனென்றால் பெரியவர் வலுபெங்கோ ஊர்க்கூட்டத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது நடுவில் கத்தியது நான்தான். பஸ்ஸில் வருகிறவர்கள் யாராவது வேறு மாதிரி சொல்வதற்குள் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பேசுகிற பெண் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடையில் உப்பு கேட்டுப் போய், கடைக்காரர் சோப்பை எடுத்து நீட்டினால் அதையே வாங்கி வந்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னை நைரோபியிலிருந்து வந்த முவெண்டே மேடம் உதவிக்கு வைத்துக்கொண்டார். ஊர்க்கூட்டங்களில் ஜனங்கள் ஏன் வாய் திறப்பதில்லை, கூட்டம் நடத்துகிறவர்கள் என்ன செய்தால் திறப்பார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவர் அவர். என்னைப் பார்த்ததும் ஆராய்ச்சிக்கு நல்ல ஆள் கிடைத்தது என்று நினைத்தாரோ என்னவோ. மாவு மில் வரிசையில் பெண்களோடு நின்று ஒரு வாரம் கதை கேட்டார். அங்கே நம் பெண்கள் பேசுகிற பேச்சில் மில் சத்தம் கேட்காது. அதே பெண்கள் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த ஆண்களுக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்து, ஊரை நிர்வகிக்கும் சீஃப் முக்வானா எது சொன்னாலும் "சரி" என்று சொல்லி, சோடாவும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இந்த முறை விஷயம் ஆற்றுப் பாலம். கவுண்டி அரசு ஒரே ஒரு நடைபாலம் தருகிறது. கீழ்த் துறையில் போட்டால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகலாம். மேல் துறையில் போட்டால் சீஃப் மச்சானின் கள்ளுக்கடைக்குப் போகலாம். வெள்ளம் வந்து நான் எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் போக முடியாமல் கரையில் நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதோடு என் படிப்பு நின்றது. வரும் மழைக்காலத்தில் நெலிமாவுக்கு அதே பரீட்சை. அதனால் எனக்கு இந்தப் பாலம் எவ்வளவு வேண்டும் என்று நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

கை தூக்கச் சொன்னால் சீஃப் முகத்தைப் பார்த்துத்தான் தூக்குவார்கள் என்று மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். துறைக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் பேசின். ஆளுக்கு ஒரு மக்காச்சோள மணி. எல்லோரும் முதுகைத் திருப்பி உட்கார வேண்டும், ஒவ்வொருவராகப் போய் விரும்பிய துறையின் பேசினில் போட்டுவிட்டு வர வேண்டும். எவ்வளவு அழகாக நடந்தது தெரியுமா. கீழ்த் துறை பேசினில் சோளம் விழுகிற சத்தத்தை நான் முதுகாலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். எண்ணுவதற்கு முன்னால் பெரியவர் வலுபெங்கோ எழுந்து, ஜெபம் செய்யாமல் எண்ணக்கூடாது என்றார். எல்லோரும் கண்ணை மூடினோம். அவர் ஜெபத்தின் நீளம் உங்களுக்குத் தெரியும். கவர்னரிடம் ஆரம்பித்தார், மந்திரிகளை முடித்தார், மாடுகளின் மடி நோய்க்கு வந்தார். பின்னால் டொக் டொக் என்று சத்தம். நான் அரைக்கண்ணைத் திறந்து திரும்பினேன். சீஃப் வீட்டுக் கோழி, வளர்ந்த குஞ்சுகளோடு கீழ்த் துறை பேசினுக்குள் நின்று தின்றுகொண்டிருந்தது. மேல் துறை பேசின் சீஃப் நாற்காலிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. ஆமென் வந்துவிடும் என்று காத்திருந்தேன் மாமா, சத்தியமாகக் காத்திருந்தேன். அவர் ஆடுகளுக்குப் போய்விட்டார். அப்புறம் யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"கோழி நம்ம ஓட்டத் தின்னுது" என்றுதான் கத்தியிருக்கிறேன்.

சீஃப் முதலில் என் மரியாதைக்குறைவைப் பற்றிப் பேசினார். பிறகு பேசினைப் பார்த்துவிட்டு, சரி, மிச்சம் இருப்பதை எண்ணுவோம் என்றார். மிச்சத்தை எண்ணினால் மேல் துறைக்குத்தான் ஜெயம். அவ்வளவுதான், புல்லில் இருந்த பெண்கள் மொத்தமாக எழுந்துவிட்டார்கள். கோழி யாருடையது என்று ஒருத்தி கேட்க, சீஃப் வீட்டுக் கோழி சீஃப் பக்கம்தானே ஓட்டுப் போடும் என்று இன்னொருத்தி சொல்ல, அதை அறுத்து இரைப்பையில் இருப்பதை எண்ணலாம் என்று மூன்றாவது ஒருத்தி கத்தி எடுத்துவரக் கிளம்பினாள். முட்டையிடுகிற கோழி என்று சீஃப் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மேடம் மட்டும் சண்டையை நிறுத்தாமல் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மாவு மில்லில் வேலை செய்யும் கக்காசா அம்மா முன்னால் வந்தார்.

"ஒவ்வொரு கூட்டத்துலயும் நாங்க சொன்னத யாரோ தின்னுட்டுத்தான் போறாங்க சீஃப். அப்புறம் அது என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் வந்து சொல்றதில்ல. இன்னைக்குத்தான் தின்னது யாருன்னு கண்ணால பாத்தோம்."

சீஃப் கோழியைக் கக்கத்தில் இன்னும் இறுக்கினார். அது கொக்கரித்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "கத்துனல்ல, பொண்ணே. இப்ப பேசு. உனக்கு எங்க வேணும்?" என்றார். ஓடிவிடலாம் என்று பார்த்தேன், பின்னால் முழுக்கப் பெண்கள், வழியில்லை.

"கீழ்த் துறையில. நான் பரீட்ச எழுதாம நின்னது இந்த ஆத்தாலதான். நெலிமாவும் கரையில நிக்கக்கூடாது."

அவ்வளவுதான் பேசினேன். அதற்கப்புறம் மேடம் சொன்னபடி எல்லோருமே ஆற்றுக்கு நடந்துபோய் அவரவர் விரும்பிய துறையில் நின்றோம். கீழ்த் துறையில் கால் வைக்க இடமில்லை. பெரியவர் வலுபெங்கோவும் எங்கள் பக்கம்தான் நின்றார், மேல் துறைக்கு ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லையாம். கீழ்த் துறை என்று முடிவாகி, சீஃபே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனி எல்லாக் கூட்டத்துக்கும் கோழி கொண்டுவர வேண்டுமா என்று அவர் மேடத்திடம் கேட்டார். கோழி வேண்டாம், போன கூட்டத்தில் ஜனங்கள் சொன்னது என்ன ஆனது என்று முதலில் சொல்லிவிட்டுக் கூட்டத்தை ஆரம்பியுங்கள், அது போதும் என்றார் மேடம்.

இதுதான் நடந்தது. ஜெபத்தைக் கெடுத்ததற்குப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பாலமும் கிடைத்துவிட்டது, ஆகவே பொது இடத்தில் இனி நான் வாய் திறக்க மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அத்தைக்கு என் வணக்கம், குட்டிகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் கடையையும் கால்வலியையும் கவனித்துக்கொள்வாராக.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
நமல்வா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கவுண்டி அனுப்பிய இன்ஜினீயர் வந்துவிட்டார். கீழ்த் துறைக் கரை வெறும் மணலாம், பாலம் நிற்காதாம், மேல் துறைதானாம். ஆகவே மேலே எழுதிய ஜெயம் இப்போதைக்கு இல்லை. முன்பென்றால் "சரி" என்று கைதட்டிவிட்டுக் கலைந்திருப்போம். இன்று அவர் காருக்கு யாரும் வழி விடவில்லை, சீஃபும் விடவில்லை. மணல் எவ்வளவு ஆழம், தோண்டிப் பார்த்தீர்களா என்று ஒரு குரல் கேட்டது. இந்த முறை அது யார் குரல் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் தோண்டவில்லையாம். செவ்வாய்க்கிழமை துளை போடும் கருவியோடு வருகிறார், கேள்வி கேட்க என்னை முன்னால் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மாமா, அந்த வாக்குக் கொடுத்த வரியை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள்.